பொட்டைன்னா வேணிக்கு

ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூர்ப் பக்கம் வந்து வேணியின் வீடு எங்கே என்று கேட்டால், யாரும் வீட்டைக் காட்ட மாட்டார்கள். வாழைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் குதிரைக் கொட்டகையைத்தான் காட்டுவார்கள். வீட்டில் அவள் சமைப்பாள், தூங்குவாள், புருசனோடு இரண்டு வார்த்தை பேசுவாள். மற்ற நேரமெல்லாம் பவுனோடுதான். பவுனு என்பது குதிரையின் பெயர். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, ஒருத்தருக்கும் அடங்காத குணம். இப்படி ஒரு பெண் குதிரை இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று அதன் முதலாளி ஜெயக்குமார் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். சொல்லும்போது அது கடித்த கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்.

ஜெயக்குமாருக்குக் காட்டூரில் சிமெண்டுக் கடை. குதிரை வண்டிப் பந்தயம் என்றால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம். பந்தயத்தில் ஓட நல்ல ஆண் குட்டி வேண்டும், அதைப் பெற்றுக்கொடுக்க ஒரு நல்ல தாய் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பவுனை வாங்கினார். வாங்கிய பிறகுதான் அதை எங்கே கட்டுவது என்ற யோசனையே அவருக்கு வந்தது. கடைக்கு மேலே மாடியில் குடியிருப்பவர் குதிரையை எங்கே கட்டுவார்? அப்போதுதான் வாழைத்தார் ஏற்றி இறக்கும் வேணியின் புருசன் வீரமலையிடம் கேட்டார்.

"உங்க வீட்டம்மா ஆடு மாடெல்லாம் நல்லா பாக்கும்னு சொன்னாங்களே வீரமலை. குதிரை பாக்குமா?"

"அது எதை வேணாலும் பாக்குங்க. குதிரை அதைப் பாக்கணும்ல" என்றார் வீரமலை.

குதிரை பார்த்தது. முதல் நாளே வேணியின் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. மற்றவர்களை உதைக்கிற குதிரை இவளிடம் மட்டும் ஏன் அப்படிக் குழைந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. சில பேருக்கு அப்படி வாய்க்கும், அவ்வளவுதான்.

வேணி பிறந்தது பச்சைமலை அடிவாரத்தில். அவளுடைய அப்பா அடுத்தவர் ஆட்டை வாரத்துக்கு வாங்கி மேய்த்தவர். ஆடு ஒருத்தருடையது, பாடு இன்னொருத்தருடையது, பிறக்கிற குட்டியில் இருவருக்கும் பங்கு. அதுதான் வாரம். ஆடு, மாட்டை வாரத்துக்கு விடுவது எங்கும் உள்ளதுதான். குதிரையை வாரத்துக்கு விட்ட ஒரே ஆள் நம் ஜெயக்குமாராகத்தான் இருப்பார். கொள்ளும் தவிடும் அவர் வாங்கிப் போட வேண்டும், மற்ற பாடெல்லாம் வேணியுடையது. பங்கை டீக்கடை வாசலில் நான்கு பேர் கேட்கச் சொன்னார்.

"பொறக்கறது ஆம்பளக் குட்டின்னா எனக்கு. பொட்டைன்னா வேணிக்கு. சரியா?"

பொட்டைக் குட்டி அவருக்கு எதற்கு? பந்தயத்துக்கு ஆகாது என்பது அவர் கட்சி. வேணிக்கோ அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொட்டைன்னா வேணிக்கு, பொட்டைன்னா வேணிக்கு என்று வாழைத் தோட்டத்து வரப்பெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள்.

சொல்லி வைத்தாற்போல மூன்று ஈற்றும் ஆண். மூன்றையும் வேணிதான் துடைத்து எடுத்தாள், நிற்கப் பழக்கினாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக் கொஞ்சினாள். பால் மறந்ததும் ஜெயக்குமார் வண்டி கொண்டு வருவார், ஏற்றிக்கொண்டு போவார். பவுனு நாலைந்து நாள் கனைத்துக்கொண்டே இருக்கும். வேணி அந்த நாலைந்து நாளும் வீட்டுக்கு வர மாட்டாள். கொட்டகையிலேயே அதன் காலடியில் உட்கார்ந்திருப்பாள். வீரமலை தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்.

"அடுத்த தரம் பொட்டை போடும்டி. வித்துக் கைநெறையக் காசு பாக்கலாம்" என்று அக்கம்பக்கத்தில் தேற்றுவார்கள். வேணிக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. விற்கவா கேட்டாள் அவள்? தன் கையில் பிறந்து, தன் கண் முன்னாலேயே வளர்ந்து, யாரும் வந்து ஓட்டிக்கொண்டு போகாத ஒரு பொட்டைக் குட்டி. அது போதும் அவளுக்கு.

ஏன் பொட்டை என்று கேட்டால் அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலுக்குப் பெயர் அகிலா.

மகன் பூவரசன் தத்தித் தத்தி நடந்த வயதில் வேணி இரண்டாவதாக உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம் தாண்டியதும் ஒருநாள் உதிரப்போக்கு. டவுனில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. தாகத்தைவிட, வலியைவிட, அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. பக்கத்தில் வந்த நர்ஸின் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், என்ன புள்ளைங்க அது?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்றாள் அந்த நர்ஸ். கையை விடுவித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற போர்டு அந்தச் சுவரிலேயே இருந்தது. உயிரோடு இருக்கிற கருவைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. போன பிள்ளைக்கு அந்தச் சட்டம் எதற்கு? நாள் முழுக்கச் 'சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது' என்று பழகிய வாய், யோசிக்காமல் அதையே சொல்லிவிட்டது. பெற்றவளுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த லூர்துராணி என்பவள்தான் சாத்துக்குடியை உரித்தபடி சமாதானம் சொன்னாள்.

"ஆம்பளப் புள்ளையா இருந்தா சொல்லியிருப்பாங்க வேணி. வாயத் தொறக்கலன்னா பொண்ணுதான்."

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள் வேணி. பொண்ணுதான். திருவானைக்காவல் அம்மனை நினைத்து அகிலா என்று பெயர் வைத்தாள். அதற்கப்புறம் அவளுக்கு வயிறு திறக்கவே இல்லை. பூவரசன் வளர்ந்து திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அகிலாவும் வேணிக்குள்ளேயே வளர்ந்தாள். யார் வீட்டிலாவது பெண் பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தால் வேணி நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். சடங்கு வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் வந்துவிடுவாள். மற்றபடி நன்றாகச் சிரிக்கிற, நன்றாகச் சண்டை போடுகிற பொம்பளைதான்.

பவுனு நாலாவது தடவையாகச் சினையானது. ஸ்ரீரங்கத்துக் கால்நடை டாக்டர் வைஷ்ணவி ஸ்கேன் வைத்துப் பார்த்து உறுதி செய்தார். உத்தர வீதியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற சின்ன வயது டாக்டர். பவுனின் உதைக்கு அஞ்சாதவர். சினைக்கு ஏழு மாதம் ஆனபோது ஒருநாள் தடுப்பூசி போட வந்தவர், பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

"வேணிக்கா, என் கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி சென்னையில ஒரு ஆராய்ச்சி பண்றா. தாய்க் குதிரையோட ரத்தத்தைப் பாத்தே வயித்துல இருக்கறது என்ன குட்டின்னு கண்டுபிடிக்கறது. நம்ம பவுனு ரத்தமும் கொஞ்சம் அனுப்பலாமான்னு கேட்டா."

வேணி கொள்ளுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"தாய் ரத்தத்துல குட்டி எப்படிங்க தெரியும்?"

"குட்டியோடது ஒரு துளி தாய் ரத்தத்துல கலந்து ஓடிக்கிட்டே இருக்கும்க்கா. குட்டி ஆணா இருந்தா, ஆணுக்கு மட்டுமே உள்ள ஒரு அடையாளம் இருக்கு, அது அந்த ரத்தத்துல தெரியும். பொட்டைக் குதிரை ரத்தத்துல அது தானா வராது இல்லையா? அதனால, இருந்தா வயித்துல இருக்கறது ஆண்."

வேணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டரம்மா, இது குத்தமில்லையா? போர்டெல்லாம் வச்சிருக்காங்களே."

வைஷ்ணவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மனுசங்களுக்குக்கா. குதிரை யாரையும் கலைக்கச் சொல்லப் போறதில்ல."

சிரிப்பு வேணிக்கு வரவில்லை. கேட்டால் பதில் சொல்கிற ஒரு இடம் இந்த உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. ஜெயக்குமாருக்கோ இதில் ஆர்வமே இல்லை. "பொறந்தா தெரியப் போவுது. அதுக்கு எதுக்கு சும்மா ஊசி குத்திக்கிட்டு" என்றார் போனில். வேணி விடவில்லை. அவர் எப்போது கொட்டகைக்கு வந்தாலும் அதே பேச்சு. கடைசியில் அவரே சலித்துப்போய், "எப்படியோ பண்ணிக்க வேணி, ஆளை விடு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வீரமலைகூடச் சொல்லிப் பார்த்தார். "இன்னும் நாலு மாசம். பொறுக்கக் கூடாதா புள்ள?"

"நான் பொறுத்துக்கிட்டிருக்கறது நாலு மாசமா இல்லீங்க."

வீரமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

வைஷ்ணவி வந்து கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார். வேணி பவுனின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சென்னைக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை வேணி யாரோடும் சரியாகப் பேசவில்லை. போனைச் சேலை முந்தியில் முடிந்து வைத்துக்கொண்டு திரிந்தாள்.

பதில் வந்த அன்று ஜெயக்குமாரும் கொட்டகையில்தான் இருந்தார். வேணி போனை அவர் கையில் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ரிசல்ட் வந்துடுச்சுங்க" என்றார் வைஷ்ணவி. "ஆண் அடையாளம் வரலை."

அவ்வளவுதான் வேணிக்குக் கேட்டது. பவுனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அதன் பிடரியில் புதைத்துக்கொண்டாள். வைஷ்ணவி போனில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். வரலைன்னா பொட்டையா இருக்க நெறைய வாய்ப்பு உண்டு, ஆனா ரத்தத்துல குட்டியோடது போதுமான அளவு இல்லாம இருந்தாலும் வராது, இன்னொரு தடவை எடுத்து அனுப்பினா உறுதியாச் சொல்லலாம் என்றெல்லாம் பொறுமையாக விளக்கினார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? வேணி அழுதுகொண்டிருந்தாள். ஜெயக்குமார், "அதெல்லாம் வேண்டாங்க டாக்டர், இதுவே போதும்" என்று போனை வைத்துவிட்டார்.

"ஒனக்கு அடிச்சுது யோகம் வேணி" என்று சொல்லி அவரும் சிரித்தார். அப்போது அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. அதை நான் அடித்துச் சொல்வேன்.

அதற்குப் பிறகு வேணியைப் பார்க்க வேண்டுமே. தலைகால் புரியவில்லை அவளுக்கு. பவுனின் வயிற்றில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "அகிலா, அம்மாவ ஒதைக்காத, அவளுக்கு வலிக்கும்ல" என்று அதட்டுவாள். திருவானைக்காவல் போய் அம்மனுக்குப் புடவை சாத்திவிட்டு வந்தாள். தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் செய்தி சொன்னாள். வீரமலை ஒன்றும் பேசாமல் மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து, கொட்டகையை ஒட்டி இன்னொரு சின்ன அடைப்பு கட்டினார். தெற்குப் பக்கம் மட்டும் தட்டி கட்டாமல் விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "புள்ளைக்குக் காத்து வர வேணாமா" என்றார். வேணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வேணி ஊரெல்லாம் சொன்ன செய்தி ஊரைத் தாண்டியும் போனது. துறையூர்ப் பக்கம் தோப்பு வைத்திருந்த ஹரிஹரசுதன் என்பவர் குதிரை வளர்த்து இனம் பெருக்குகிறவர். அவருக்கு வேண்டியதே பெண் குதிரைகள்தான். பவுனை அவர் ஏற்கெனவே ஒரு தரம் கேட்டபோது ஜெயக்குமார் மறுத்திருந்தார். இப்போது தாயும் பிள்ளையும் இரண்டுமே பொட்டை என்று தெரிந்ததும் மனிதர் காட்டூருக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஜெயக்குமார் யோசித்தார். நாலு ஈற்றில் மூன்று குட்டி எடுத்தாயிற்று. இந்தக் குட்டி தனக்கில்லை. பவுனுக்கும் வயது ஏறுகிறது. இனி பவுனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொட்டகைக்கு வந்து பவுனை விற்கப்போவதைச் சொன்னபோது அவர் வேணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"குட்டி என்னுதுங்களே" என்றாள் வேணி. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"பொறந்தாத்தானே வேணி பங்கு? அப்படித்தானே பேசினோம். பொறக்கறதுன்னுதானே சொன்னேன். வயித்துல இருக்கறதுக்கு ஏது பங்கு?"

வீரமலை டீக்கடை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு, பொறக்கறது என்ற வார்த்தையைத்தான் சொன்னார் என்றார்கள். நியாயம் இதுவா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஜெயக்குமார் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு அதுதான் அதிக எரிச்சல். கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். இவர் கண்கலங்க நின்றுகொண்டு, "ஒனக்கு ஒரு நல்ல ஆட்டுக்குட்டி வாங்கித் தரேன் வேணி. பொட்டைக் குட்டியாவே வாங்கித் தரேன்" என்றார்.

வேணி ஒன்றே ஒன்று கேட்டாள். "என்ன குட்டின்னு தெரியாமலே இருந்திருந்தா வித்திருப்பீங்களா?"

ஜெயக்குமார் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். பிறகு, "வித்திருக்க மாட்டேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

வண்டி வந்தது. பவுனு ஏறவில்லை. இரண்டு ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள், ஒருவன் உதை வாங்கினான். சினைக் குதிரையை அடித்து ஏற்றவும் முடியாது. எல்லோரும் வேணியைப் பார்த்தார்கள். வேறு வழி? வேணியே கயிற்றை வாங்கினாள். வண்டியில் சாய்த்துவைத்த பலகையில் அவளே முதலில் ஏறினாள். பவுனு அவள் பின்னாலேயே, ஆட்டுக்குட்டிபோல, ஏறி வந்து நின்றது. வேணி அதன் வயிற்றை ஒரு தடவை தடவிவிட்டு இறங்கிக்கொண்டாள். வண்டி மேலூர் ரோட்டில் திரும்பும்வரை கனைப்பு கேட்டது.

வீரமலை கட்டிய சின்ன அடைப்பை யாரும் பிரிக்கவில்லை. வேணி தினமும் காலையில் பழக்க தோஷத்தில் கொட்டகைக்குப் போவாள். கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். ஆட்டுக்குட்டியை ஜெயக்குமார் கொண்டுவந்து கட்டியபோது, "எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்று மட்டும் சொன்னாள். வெற்றுக் கொட்டகையில் இருக்கும்போது அவளுக்கு ஒரே நினைப்புதான். இரண்டாவது தடவையும் பொண்ணைக் கையில் வாங்காமலே விட்டுவிட்டேனே என்பதுதான் அது. கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் வைக்கோல் பரப்பிக் காத்துக்கொண்டிருப்பாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவள்தான்.

ஒருநாள் காலையில் துறையூரிலிருந்து போன் வந்தது. ஹரிஹரசுதன்தான்.

"பவுனு குட்டி போட்டிருச்சும்மா. கிட்ட யாரையும் விட மாட்டேங்குது. குட்டியவே ஊட்ட விடாம ஒதைக்குது. வைஷ்ணவி டாக்டர வரவழைச்சேன், அவங்களும் பீய்ச்சிக் குடுக்கலாம்னு பாத்து ஒதை வாங்கிட்டாங்க. பால் குடிக்கலன்னா குட்டி தங்காதுன்றாங்க. கொஞ்சம் வரீங்களா?"

என்ன குட்டி என்று வேணி கேட்கவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே. போட்டது போட்டபடி கிளம்பினாள். வீரமலை தார் வெட்டுகிற இடத்திலிருந்து கைலியோடு வந்து பஸ் ஏறினார். வழி நெடுக வேணி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

தோப்பில் பவுனு மூலையில் ஒதுங்கி, காதைப் பின்னால் மடித்து நின்றது. குட்டி தள்ளாடித் தள்ளாடி அதன் பக்கம் போவதும், அது காலைத் தூக்குவதும், குட்டி விழுவதுமாக இருந்தது. வேணி தடுப்பைத் தாண்டி உள்ளே போனாள். "என்னடி இது, பெத்த புள்ளைகிட்ட" என்றாள். பவுனின் காது நிமிர்ந்தது. அவள் தோளில் மூக்கை வைத்து நீளமாக மூச்சு விட்டது. வேணி ஒரு கையால் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, மறு கையால் குட்டியை அணைத்து மடிக்குக் கொண்டுபோனாள். குட்டி முட்டியது, தேடியது, பிடித்துக்கொண்டது. பவுனு காலைத் தூக்கவில்லை.

குட்டி குடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வேணி அதை முழுதாகப் பார்த்தாள். தாயைப்போலவே செவலை. நெற்றியில் சுட்டி இல்லை. வாலை ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

ஆண்.

தடுப்புக்கு வெளியே வைஷ்ணவி நின்றுகொண்டிருந்தார். "பாத்துட்டீங்களாக்கா" என்றார் மெதுவாக. "நான் அன்னைக்கே சொன்னேன். ரெண்டாவது தடவை எடுக்கலாம்னு சொன்னேன்."

"அப்போ வரலைன்னா பொட்டைன்னு இல்லீங்களா?"

"இல்லக்கா. ஆண் அடையாளம் வந்தா ஆண். வரலைன்னா, வரலை. அவ்வளவுதான். அதை வச்சுப் பொட்டைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

வேணி குட்டியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். டாக்டர் குதிரையைப் பற்றித்தான் சொன்னார். வேணிக்கு அது குதிரையோடு நிற்கவில்லை. வாயத் தொறக்கலன்னா பொண்ணுதான் என்று பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒருத்தி சொன்னதை வைத்துக்கொண்டுதானே இத்தனை வருசம் ஓடியது?

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. வீரமலை தன்னால் முடிந்த அளவு தேற்றிப் பார்த்தார்.

"இங்க பாரு புள்ள, நம்ம பங்கு ஒண்ணும் போகல. ஆம்பளக் குட்டி. வித்திருக்காட்டியும் அது ஜெயக்குமாருக்குத்தான் போயிருக்கும். அந்த ஆளுதான் இப்போ போன்ல தலையில அடிச்சுக்கிட்டு அழுவுறாரு."

வேணி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். மண்ணச்சநல்லூர் தாண்டியது. டோல்கேட்டில் பஸ் நின்று கிளம்பியது. கொள்ளிடப் பாலத்தில் ஏறியதும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அன்னைக்கு ஆஸ்பத்திரியில துணியில சுத்தி ஒங்க கையிலதானே குடுத்தாங்க?"

எந்த ஆஸ்பத்திரி என்று வீரமலை கேட்கவில்லை. "ஆமா" என்றார். "இந்தக் கரையிலதான் கொண்டாந்து பொதைச்சேன்."

"நீங்க பாத்தீங்கல்ல?"

அவர் கையில் இருந்த டிக்கெட்டை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார்.

"இல்ல புள்ள. பிரிக்கல. பிரிச்சிருந்தா என்னால நடந்திருக்க முடியாது."

"அப்புறம் எப்படிங்க, நான் அகிலா அகிலான்னு சொல்றப்பெல்லாம் பேசாம இருந்தீங்க? நீங்க பாத்திருப்பீங்க, பொண்ணு இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருப்பீங்கன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"நீ பெத்தவ. தெரியாமயா நீ சொல்லப்போறன்னு நான் நெனச்சேன். நீ அகிலான்னு சொன்ன. நானும் அகிலான்னே வச்சுக்கிட்டேன்."

வேணிக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். கீழே ஆற்றில் மணல்தான் தெரிந்தது, நடுவில் கொஞ்சம் தண்ணீர். வீரமலை அதைப் பார்த்துக்கொண்டே, வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"தார் ஏத்தப் போற எடத்துல காலேஜ் புள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்கும். நம்ம புள்ள இந்நேரம் இந்த ஒசரம் இருக்கும்னு நெனச்சுக்குவேன்."

இத்தனை வருசத்தில் ஒருதடவைகூட அவர் வாயிலிருந்து அவள் அதைக் கேட்டதில்லை. தான் ஒருத்திதான் அந்தப் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். முந்தானையை எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"எந்த ஒசரம்?"

வீரமலை உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி அவள் தலைக்கு மேல் நிறுத்தினார்.

"ஒன்னைவிட ஒரு சாண் கூட."

வேணி அந்தக் கையை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்க அப்பா ஒசரம். அவருக்கு முடியும் அடர்த்தி" என்றாள்.

"ரெட்டைச் சடைதான் போடும்" என்றார் வீரமலை.

"அது ஸ்கூல் போறப்ப. இப்ப ஒத்தைச் சடை."

திருவானைக்காவல் ஸ்டாப்பில் இறங்கும்வரை இருவரும் மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.